அமாவாசைக்கு ஆள் வராது

என் செட்டு ஆளுங்க நீங்க, அதனால கேக்குறேன். உங்க பள்ளிக்கூடத்துல மட்டம் போட்டா ஊட்டுக்கு எப்டி சேதி போவும்? இப்போ என் பொண்ணு போன்ல 'டிங்'குன்னு ஒரு சத்தம் வருது. பேரனுக்கு சளி, ஒரு நாள் போவல, அதுக்குத்தான் அந்த சத்தம். "நாந்தானே லீவு சொன்னேன், எனக்கே திருப்பிச் சொல்றாங்க பாரும்மா"ன்னு அவ சலிச்சிக்கிறா. நான் மட்டும் அந்த சத்தத்தக் கேட்டா ஓடிப்போயி பேரன் படுக்கையில கீறானான்னு பார்த்துட்டு வருவேன். சிரிக்காதீங்க. காரணம் இருக்குது.

எங்க ஊரு திருவள்ளூர். எங்க பள்ளிக்கூடத்துல சேதி சொல்றதுக்குன்னே நாலு பசங்க இருந்தாங்க. என் கூட அஞ்சாவது படிச்சவங்கதான். படிச்சவங்கன்னு சொல்றது மரியாதைக்கு. வருசக் கணக்கா அதே வகுப்புல ஒக்காந்து மீச அரும்புற வயசுக்கு வந்துட்டானுங்க. எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியாருதான், காலைல அவருதான் ஆஜர் எடுப்பாரு. எவன் பேருக்கு 'உள்ளேன் ஐயா' வரலியோ அந்த பேர ரெண்டாவது தரம் சொல்லுவாரு. அப்பவும் சத்தம் இல்லன்னா மூக்குக் கண்ணாடிக்கு மேல கண்ணத் தூக்கி அந்த நாலு பேர ஒரு பார்வ பாப்பாரு. அவ்ளோதான், நாலும் எழுந்து ஓடும்.

மட்டம் போட்ட புள்ள ஊட்டு வாசல்ல போய் நின்னு கத்துவானுங்க. அம்மாவோ அப்பனோ இருந்தா சேதியச் சொல்லிட்டு வந்துருவானுங்க. புள்ள எங்கனா ஒளிஞ்சிக்கினு இருந்து கைல மாட்டிக்கிச்சின்னா, ரெண்டு பேரு கையப் புடிக்க, ரெண்டு பேரு காலப் புடிக்க, அப்டியே மல்லாக்கத் தூக்கிக்கினு வருவானுங்க. "மட்டம் போட்ட மாப்ளைக்கு ஊர்கோலம் டோய்!"னு ஒரு கூச்சல் வேற. தெருவே வெளிய வந்து வேடிக்க பாக்கும். பொட்டப் புள்ளைங்களத் தூக்க மாட்டானுங்க. வாசல்ல நின்னு பேரச் சொல்லி கத்துறதோட சரி. மானம் போவறதுக்கு அதுவே போதாதா?

எங்க நைனா அம்பத்தூர்ல ஒரு இரும்புக் கம்பெனில வேல. இருட்டோட எழுந்து ரயிலேறிப் போவாரு, வெளக்கு வெக்குற நேரத்துக்குத்தான் திரும்புவாரு. எங்கம்மா கோயில் கொளத்தாண்ட வெல்லக் கடை போட்டிருந்துச்சி. கடைன்னதும் பெருசா நெனைக்காதீங்க. கீழ ஒரு சாக்கு, மேல ஒரு கித்தான், நடுவுல ஒரு தராசு. மத்த நாள்ல ஈ ஓட்டும். அமாவாசை வந்துச்சின்னா மட்டும் எங்க ஊரு வேற ஊரு. மெட்ராஸ்ல இருந்தும் ஆந்திரா பக்கம் இருந்தும் ஜனம் மொத நாளே வந்து எறங்கிடும். காலைல கொளத்துல முழுகி, செத்துப்போன பெரியவங்களுக்குத் தர்ப்பணம் குடுத்து, ஒடம்புல இருக்குற நோய் தீரணும்னு வேண்டிக்கினு வெல்லத்த தண்ணில கரைப்பாங்க. உப்பும் மொளகும் வாங்கிப் போடுவாங்க. வெல்லம் கரையுற மாதிரி சீக்கும் கரையும்னு நம்பிக்க. மத்தியானத்துக்குள்ள கொளத்துத் தண்ணி காப்பித் தண்ணி கலருக்கு வந்துடும், பாசி நாத்தமும் பாகு வாசனையும் கலந்து அடிக்கும்.

அன்னிக்கி எங்கம்மாவுக்கு ரெண்டு கை பத்தாது. அதனால என்ன ஸ்கூலுக்கு அனுப்பாம கூட வெச்சிக்கும். காகிதத்துல உப்பையும் மொளகையும் பொட்லம் கட்டுறது என் வேல. எங்க தெருவுல பாதிப் பேரு கொளத்தங்கரை வியாபாரம்தான், அதனால எங்க தெருப் புள்ளைங்க பாதிப் பேரு அன்னிக்கி மட்டம்.

ஒரு அமாவாசைக்கு வியாபாரம் உச்சத்துல இருக்கும்போது அந்த நாலு பேரும் கூட்டத்த இடிச்சிக்கினு வந்து கடை முன்னால நின்னானுங்க. என் பேரச் சொல்லி, "மட்டம்! மட்டம்! வாத்தியாரு கூப்புடுறாரு!"ன்னு ஒரே கத்து. நான் குனிஞ்ச தல நிமிரல. கைல வெல்லத்தோட நின்னுக்கினு இருந்த ஒரு மெட்ராஸ் அம்மா எங்கம்மாவ ஏற எறங்கப் பார்த்தாங்க. "படிக்கிற பொண்ண இப்டி ஒக்கார வெச்சிருக்கியே, இது புண்ணியத்துக்கு வந்த எடம்மா"ன்னு சொல்லிட்டு, எடுத்த வெல்லத்த அப்டியே வெச்சிட்டு பக்கத்துக் கடைக்குப் போய்ட்டாங்க. அவங்க கூட வந்த கூட்டமும் அவங்க பின்னாலயே போச்சி.

எங்கம்மா மொகத்த நீங்க பார்த்திருக்கணும். வெல்லம் ஒடைக்குற கல்ல கீழ வெச்சிட்டு, முந்தானைய இழுத்துச் சொருவிக்கினு நேரா பள்ளிக்கூடத்துக்கு நடந்துச்சி. பின்னாலயே நானும் ஓடுனேன், அந்த நாலு பேரும் ஓடுனானுங்க, கொளத்தங்கரைப் பொம்பளைங்களும் கடைய விட்டுட்டு வந்தாங்க.

வாத்தியாரு கோயில் தெருக்காரரு, நாமம் போட்டவரு. ஒல்லி மனுசன், கோவமே வராது. அன்னிக்கி அவருக்கும் தர்ப்பணம், ஒரு பொழுது விரதம், அதெல்லாம் முடிச்சிக்கினு நேரங்கழிச்சித்தான் வந்திருந்தாரு. எங்கம்மா வாசப்படியில நின்னுக்கினு ஆரம்பிச்சிச்சி.

"ஐயா, நீங்க படிச்சவரு, நான் கைநாட்டு. ஒண்ணு கேக்குறேன். மாசத்துல ஒரே ஒரு நாளுதான் எங்க அடுப்பு ஒழுங்கா எரியுது. அன்னிக்கின்னு பார்த்து நாலு தடியனுங்கள அனுப்பி என் வியாபாரத்த கெடுக்குறீங்களே, இது நாயமா?"

"உங்க பொண்ணு நன்னாப் படிக்கறாம்மா. வீணாயிடப்படாதேன்னுதான் அனுப்பினேன்."

"படிக்கட்டும், யாரு வாணான்னா? மத்த நாளெல்லாம் உங்ககிட்டதானே விட்டுக்கிறேன்? நீங்க மட்டும் இன்னிக்கி கொளத்துல முழுகிட்டு ஆற அமர வரீங்க. உங்களுக்கு ஒரு அமாவாசை, எனக்கு ஒரு அமாவாசையா?"

பின்னால நின்ன பொம்பளைங்க 'ஹோ'ன்னு சிரிச்சிட்டாங்க. வகுப்புப் பசங்களும் சிரிச்சானுங்க. வாத்தியாருக்குக் காதெல்லாம் செவந்துடுச்சி. மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சிக்கினே சொன்னாரு. "சரிம்மா. இனிமே அமாவாசைக்கு கொளத்தங்கரைத் தெருவுக்கு நான் ஆள் அனுப்பல. போறுமா?"

"இது போதும் சாமி"ன்னு எங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டுச்சி. ஜெயிச்ச கும்பிடு அது. கொஞ்ச நாளைக்கு எங்க தெருவுல அதேதான் பேச்சு. "நீ போட்ட போட்டுல வாத்தியாரு ஆடிப்போய்ட்டாரு யக்கா"ன்னு பூ விக்கிறவங்கள்ல இருந்து தேங்கா விக்கிறவங்க வரைக்கும் எங்கம்மாவத் தூக்கி வெச்சி ஆடுனாங்க. எங்கம்மாவும் லேசாத் தோளக் குலுக்கிக்கினு திரிஞ்சிச்சி. எனக்கும் பெரும தாங்கல, பொய் சொல்லுவானேன்.

இப்போ என் தம்பிகிட்ட வரேன். அவன் ரெண்டாவது படிச்சான். வாயில்லாப் பூச்சி. வாய்ப்பாடு மட்டும் அவனுக்கு ஏறவே ஏறாது. எழுந்து நின்னா நாக்கு ஒட்டிக்கும். அப்டித்தான் ஒரு நாளு, அமாவாசை இல்ல, சாதாரண நாளு, ஸ்கூலுக்குப் போறேன்னு கெளம்பி பக்கத்து ஊட்டு விறகுக் கட்டுக்குப் பின்னால போய் ஒக்காந்துக்கினான். சும்மா விடுவானுங்களா நாலு பேரும்? மோப்பம் புடிச்சிப் போயி தூக்கிட்டானுங்க.

அவன் போட்டிருந்தது யாரோ குடுத்த பழைய டவுசரு. பட்டன் இல்ல, இடுப்புல மடிச்சி சொருவிக்கினு இருப்பான். டீக்கடை முக்குல அது நழுவிடுச்சி. கையும் காலும் அவனுங்க புடியில இருக்குது, இவன் எப்டி இழுத்து மூடுவான்? நாலு பேருக்கு அது இன்னும் குஷியாப் போச்சி. பின்னால வந்த பொடியன் ஒருத்தன் டவுசர ஒரு குச்சியில மாட்டி கொடி மாதிரி புடிச்சிக்கினு முன்னால நடந்தான். ஊர்கோலம் தெருத் தெருவா வந்துச்சி. டீக்கடையே குலுங்குச்சி. எதிர்ல எங்கம்மா தலையில சாக்கு மூட்டையோட வந்துக்கினு இருந்துச்சி. பார்த்துட்டு, மூட்டைய ஒரு கையால புடிச்சிக்கினு, இன்னொரு கையால வாயப் பொத்திக்கினு சிரிச்சுது. யாராயிருந்தாலும் சிரிச்சிருப்பாங்க. அத தப்புன்னு நெனைக்க அப்போ யாருக்குத் தோணுச்சி?

தம்பி அழல. அன்னிக்கி முழுக்க ரெண்டு கையாலயும் டவுசரப் புடிச்சிக்கினே ஒக்காந்திருந்தான். மறுநாள்ல இருந்து ஒரு சணல் கயிற எடுத்து இடுப்புல முடிச்சி மேல முடிச்சாப் போட்டு இறுக்கிக் கட்டிக்குவான். ராத்திரி அவுத்தா இடுப்பச் சுத்தி செவப்பா தடம் இருக்கும். தெனமும் பைய மாட்டிக்கினு யாரும் சொல்லாமலே கெளம்பிடுவான். "பாரு, புள்ளைக்குப் பொறுப்பு வந்துடுச்சி, ஒரு தரம் தூக்குனது நல்லதாப் போச்சி"ன்னு எங்கம்மா நைனாகிட்ட சந்தோசமாச் சொல்லிச்சி. நைனாவும் தலையாட்டுனாரு. பெரியவங்க கண்ணு எங்க இருந்துச்சோ, சொல்லுங்க.

அதுக்கு அடுத்து வந்த அமாவாசை. தம்பிய கடைக்குக் கூட்டிக்கினு போவ மாட்டோம். விட்டா வெல்லத்த நக்கிக்கினே இருப்பான், கூட்டத்துல காணாமப் போவான். அதனால அவனுக்கு அன்னிக்கும் ஸ்கூலுதான். அம்மாவும் நானும் இருட்டுலயே கொளத்துக்குப் போய்ட்டோம். நைனா ரயிலுக்குப் போய்ட்டாரு. பக்கத்து ஊட்டு அக்காதான் தம்பிக்கு நாஷ்டா குடுத்து அனுப்பணும். அனுப்பியும் வெச்சாங்க. பைய மாட்டிக்கினு, கயிற இறுக்கிக்கினு போனான்னு பின்னால சொன்னாங்க.

சாயங்காலம் கூட்டம் கொறைஞ்சதும் அம்மா சொல்லிச்சி, "போயி தம்பிய ஸ்கூல்ல இருந்து அப்டியே இங்க கூட்டியாந்துடு. காலைல இருந்து தனியாக் கெடக்குது கொழந்த." கைல ஒட்டியிருந்த பாகோட ஒரு வெல்லத் துண்ட எடுத்துக்கினு போனேன், அவனுக்குக் குடுக்கலாம்னு.

மணி அடிச்சி பசங்க கொட்டுன மாதிரி வெளிய வந்தாங்க. தம்பி வரல. கடைசிப் பையனும் போய்ட்டான். வாத்தியாரு கதவச் சாத்திப் பூட்டிக்கினு இருந்தாரு.

"சார், என் தம்பி?"

"உன் தம்பியா? அவன் இன்னிக்கு வரலியேம்மா. உங்கம்மாகிட்டதானே இருக்கான்?"

"இல்ல சார். ஸ்கூலுக்குத்தான் வந்தான்."

"கடையில இல்லியா?"

"இல்ல சார்."

அவரு என்னப் பாக்குறாரு, நான் அவரப் பாக்குறேன். ரெண்டு பேருக்கும் அந்த ஒரு நொடில தெரிஞ்சி போச்சி. காலைல ஆஜர் எடுக்கும்போது என் தம்பி பேருக்கு சத்தம் வரல. இவரு ரெண்டாவது தரம் சொல்லல, கண்ணாடிக்கு மேல பாக்கல. கொளத்தங்கரைத் தெரு, அமாவாசை, அம்மா வெச்சிக்கினு இருப்பாங்கன்னு அடுத்த பேருக்குப் போய்ட்டாரு. ஸ்கூலு, புள்ள ஊட்ல கீறான்னு நெனைச்சிக்கினு இருக்குது. ஊடு, புள்ள ஸ்கூல்ல கீறான்னு நெனைச்சிக்கினு இருக்குது. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அவன் எங்கயும் இல்ல. அத தெரிஞ்சவங்களும் யாரும் இல்ல.

வாத்தியாரு பூட்ட அப்டியே தொங்க விட்டுட்டு ஓட ஆரம்பிச்சாரு. அந்த மனுசன் ஓடி நான் அதுக்கு முன்ன பார்த்ததில்ல.

எங்கம்மாகிட்ட நான் எப்டிச் சொன்னேன்னு எனக்கு இன்னிக்கும் ஞாபகம் இல்ல. அது எழுந்த வேகத்துல தராசு கவுந்து, வெல்லம் உருண்டு, உப்பு மண்ணுல கொட்டுனது மட்டும் ஞாபகம் இருக்குது. ஊட்டுக்கு ஓடுனோம். விறகுக் கட்டுக்குப் பின்னால பார்த்தோம். ஆட்டுக் கொட்டாய், வைக்கோல் போரு, கோயில் மண்டபம், தேர் நிக்குற கொட்டாய், எல்லாம் பார்த்தோம். "எம்புள்ளயப் பார்த்தியா, சணல் கயிறு கட்டியிருப்பான், மஞ்சப் பை வெச்சிருப்பான்"னு அம்மா எதிர்ல வந்தவங்க தோளையெல்லாம் புடிச்சி உலுக்குச்சி.

அப்போ யாரோ சொன்னாங்க, கொளத்துப் படியில ஒரு மஞ்சப் பை அனாதையாக் கெடக்குதுன்னு.

விழுந்தடிச்சிக்கினு அந்தப் படிக்கு எறங்குனோம். அம்மா பைய வாரி எடுத்து தலைகீழாக் கொட்டுச்சி. ஒரு ஈர வேட்டி, ஒரு மரச் சீப்பு, கொஞ்சம் எள்ளு. யாரோ வெளியூர்க்காரங்களோடது. அமாவாசை அன்னிக்கி எங்க ஊர்ல மஞ்சப் பைக்கா பஞ்சம்? அம்மா அந்த ஈர வேட்டியக் கட்டிப் புடிச்சிக்கினு சிரிக்குதா அழுவுதான்னு தெரியல.

அதுக்காக கொளத்துல விழலன்னு ஆவுமா? கூட்டம் சேர்ந்துடுச்சி. வெளிச்சம் போய்க்கினு இருந்துச்சி. நெலா இல்லாத நாளு, இருட்டுனா அப்புறம் ஒண்ணும் தெரியாது. அந்த நாலு பசங்களும் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு தண்ணில குதிச்சானுங்க. முழுகுறானுங்க, வரானுங்க, மூச்சு வாங்குறானுங்க, தலைய ஆட்டிட்டு மறுபடி முழுகுறானுங்க. ஒவ்வொரு தல வெளிய வரும்போதும் எங்கம்மா எழுந்து நிக்கும், வெறுங்கையப் பார்த்து ஒக்காரும். பக்கத்துல ஒரு கெழம், "உள்ள இருந்தா காலைல தானா மேல வரும்"னு யாருகிட்டயோ சொல்லிக்கினு இருந்துச்சி. அந்த ஆளு இன்னிக்கி உசுரோட இருந்தா நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேக்கணும் எனக்கு.

வாத்தியாரு கூட்டத்த வெலக்கிக்கினு வந்தாரு. ஸ்டேசன் வரைக்கும் போய்த் தேடிட்டு வந்திருக்காரு. அவரப் பார்த்ததுதான் தாமதம், எங்கம்மா பாஞ்சிடுச்சி.

"ஒரு புள்ள வரலன்னா ஒரு வார்த்த சொல்லி அனுப்ப மாட்டியா நீ? பக்கத்துல தானே ஒக்காந்துக்கினு இருந்தேன்? கூப்புடு தூரத்துல தானே இருந்தேன்? ஆஜர் எதுக்கு எடுக்குற? சம்பளம் எதுக்கு வாங்குற? எம்புள்ளய இன்னா பண்ண? சொல்லு!"

கொளத்தங்கரைப் பொம்பளைங்க எல்லாரும் படியப் பார்த்துக்கினு இருந்தாங்க. அன்னிக்கி பள்ளிக்கூட வாசல்ல நின்னு 'ஹோ'ன்னு சிரிச்சவங்கதானே எல்லாரும். இப்போ சொல்லப் போறாரு, 'நீங்கதானேம்மா ஆள் அனுப்பாதேன்னு சண்ட போட்டேள்'னு கேக்கப் போறாரு, ஊரே அம்மாவத் திரும்பிப் பாக்கப் போவுதுன்னு நான் அவரு வாயையே பார்த்துக்கினு இருந்தேன். வயசு சின்னதானாலும் எனக்குத் தெரிஞ்சிது, அந்த வார்த்தைய மட்டும் அவரு சொல்லிட்டா எங்கம்மா அதே கொளத்துல விழுந்துடும்.

அவரு சொல்லல. மூக்குக் கண்ணாடியக் கழட்டி என் கைல குடுத்தாரு. சட்டையக் கழட்டிப் படியில வெச்சாரு. "எனக்கு நீச்சல் தெரியாது. ஆனா இந்தப் படியெல்லாம் தெரியும்"னு பொதுவாச் சொல்லிட்டு தண்ணில எறங்குனாரு. கொழந்தைங்க விழுந்தா படி ஓரத்துலதான் கெடக்கும்னு, கருங்கல்லப் புடிச்சிக்கினு காலால ஒவ்வொரு படியாத் துழாவிக்கினே போனாரு. மார் வரைக்கும் தண்ணி. காலைல இருந்து விரதம் இருந்த ஒடம்பு, உதடெல்லாம் வெளுத்துப் போச்சி. அம்மா மேல இருந்து திட்டிக்கினேதான் இருந்துச்சி. அவரு நிமிர்ந்து கூட பாக்கல.

யாரோ பெட்ரோமாக்ஸ் வெளக்கு கொண்டாந்தாங்க. அந்த வெளிச்சம் தண்ணில விழுந்தப்போதான் மேல தெருவுல இருந்து ஒரு குரல் கேட்டுச்சி. "இன்னாடி இது கூட்டம்? யாருக்கு இன்னா ஆச்சி?"

எங்க நைனா. ரயிலு விட்டு வந்துக்கினு இருக்காரு. தோள் மேல தம்பி. தம்பி கைல ஒரு காகிதச் சுருள், அதுல இருந்து வேர்க்கடலைய எடுத்து எடுத்துத் தின்னுக்கினு இருக்கான்.

எங்கம்மா எப்டி அத்தன படி ஏறுச்சின்னு தெரியாது. தம்பிய இழுத்து எறக்கி, முதுகுல ரெண்டு வெச்சி, கட்டிப் புடிச்சி, திரும்பவும் ரெண்டு வெச்சி, நைனாவையும் ஒண்ணு வெச்சிச்சி. "இன்னாம்மே, நான் இன்னா பண்ணேன்?"னு அவரு முழிக்கிறாரு. அப்புறம்தான் கத வெளிய வந்துச்சி. தம்பி காலைல நேரா ஸ்டேசனுக்குப் போயிருக்கான். முழுக்குப் போட்டுட்டு ஊருக்குத் திரும்புற ஒரு குடும்பத்துப் பின்னால ஒண்டிக்கினு ரயில்ல ஏறியிருக்கான். அவங்க திருநின்றவூர்ல எறங்க, இவனும் எறங்கியிருக்கான். அங்க ப்ளாட்பாரத்துல வேர்க்கடல விக்கிற அம்மா ஒருத்தங்க, இவன் தனியா ஒக்காந்திருக்குறதப் பார்த்து ஊரு கேட்டிருக்காங்க, பேரு கேட்டிருக்காங்க. ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்களோன்னு பயந்துக்கினு இவன் ஒண்ணும் சொல்லல. "எங்க நைனா ரயில்ல வருவாரு"ன்னு மட்டும் சொன்னானாம். அந்த மகராசி, மெட்ராஸ் பக்கம் இருந்து வர்ற ஒவ்வொரு வண்டிக்கும் இவன இடுப்புல தூக்கி வெச்சிக்கினு பொட்டி பொட்டியா ஓடியிருக்காங்க, "பாரு கண்ணு, இதுல கீறாரா உங்க நைனா"ன்னு. சாயங்கால வண்டில வாசப்படியில நின்னுக்கினு வந்த நைனா, தன் புள்ள யாரோ ஒரு பொம்பள இடுப்புல இருக்குறதப் பார்த்துட்டு, ஓடுற வண்டியில இருந்தே குதிச்சாராம்.

அந்த அம்மாவ நாங்க அப்புறம் தேடிப் போயி ஒரு பொடவ வெச்சிக் குடுத்துக் கால்ல விழுந்துட்டு வந்தோம், அது வேற.

நைனா குனிஞ்சி தம்பியக் கேட்டாரு. "ஏண்டா ராஜா, இத்தினி ஜனம் வர்ற நாளாப் பார்த்தா ஓடுவ? காணாமப் போய்ட்டா இன்னாடா பண்ணுவோம்?"

தம்பி வேர்க்கடலைய மென்னுக்கினே சொன்னான். "இன்னிக்கிதான் தூக்க வரமாட்டாங்க."

தண்ணில நின்ன நாலு பசங்களும் தலையக் குனிஞ்சிக்கினானுங்க. எங்கம்மா மெதுவா அப்டியே படியில ஒக்காந்துச்சி. அவன் இன்னும் முடிக்கல. அம்மாவப் பார்த்து, கோவமா கூட இல்ல, சும்மா ஞாபகப்படுத்துற மாதிரி சொன்னான். "அன்னிக்கி நீ கூட சிரிச்சியே."

வாத்தியாரு தண்ணில இருந்து ஏறி வந்தாரு. தொப்புத் தொப்புன்னு தண்ணி சொட்டுது. என் கைல இருந்து கண்ணாடிய வாங்கி மாட்டிக்கினாரு. அம்மா எதிர்ல ஒரு நிமிஷம் நின்னாரு. "கொழந்தைக்கு சாதம் போட்டுத் தூங்க வையுங்கோ. இன்னிக்கு ஒண்ணும் கேக்க வேண்டாம்"னு சொல்லிட்டு, சட்டையத் தோள்ல போட்டுக்கினு இருட்டுல நடந்து போய்ட்டாரு. இன்னிக்கும் எனக்கு யாரு மேலயாவது கோவம் வந்து குத்திக் காட்டணும்னு நாக்கு துடிச்சா, அந்த ஈர முதுகு ஞாபகம் வந்துடும். பல நேரம் வந்தும் நான் பேசிடுவேன், அவரு பொறும எனக்கேது.

மறுநாள் எங்கம்மா பள்ளிக்கூடத்துக்குப் போச்சி. மறுபடியும் சண்டன்னு நெனைச்சிக்கினு தெருவே பின்னால வந்துச்சி. வாசப்படி ஏறாம கீழயே நின்னுச்சி அம்மா. அவரே எழுந்து வெளிய வந்தாரு.

"ஐயா, நேத்து நான் பேசுன பேச்சு..."

"அத விடுங்கோ. நான் அன்னிக்கே சரின்னு சொல்லியிருக்கப்படாது. சண்டைக்கு பயந்துண்டு சொல்லிட்டேன்."

"பசங்கள அனுப்புங்க ஐயா. அமாவாசன்னாலும் அனுப்புங்க. கடைக்கே வரட்டும். எத்தினி பேரு நின்னாலும் பரவால்ல, கத்தட்டும்."

"அனுப்பறேன். ஆனா இனிமே யாரும் யாரையும் தூக்கிண்டு வரப்படாதுன்னு சொல்லிட்டேன். சேதி மட்டும்தான்."

அடுத்த அமாவாசை வந்துச்சி. வியாபாரத்த விட முடியுமா, வயிறுன்னு ஒண்ணு இருக்குதே. நானும் எப்பவும் போல பொட்லம் கட்ட ஒக்காந்துட்டேன். தம்பிய மட்டும் அம்மா தானே கையப் புடிச்சி ஸ்கூல் தெரு முனை வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு வந்துச்சி. வந்ததுல இருந்து அதுக்கு இருப்பு கொள்ளல. தராசப் புடிச்சா கை தாழுது. யாராவது ஓடுற சத்தம் கேட்டா நிமிர்ந்து பாக்குது. கடை முன்னால ஜனம் நெருக்கித் தள்ளுது, இது சில்லறைய மாத்தி மாத்திக் குடுக்குது.

அப்போ கூட்டத்த இடிச்சிக்கினு நாலு பேரும் வந்தானுங்க. மூச்சு எறைக்க ஓடி வரானுங்க. எங்கம்மாவுக்கு மொகத்துல ரத்தமே இல்ல. தூக்கிப் புடிச்ச தராசு அப்டியே அந்தரத்துல நிக்குது.

இருக்குறதுலயே பெரியவன் இடுப்புல கை வெச்சிக்கினு மூச்சப் புடிச்சிச் சொன்னான். "யக்கா, உன் புள்ள வந்துட்டான். வகுப்புல ஒக்காந்துக்கினு கீறான். வாத்தியாரு சொல்லிட்டு வரச் சொன்னாரு."

வரலன்னா சேதி சொல்லுவாங்க, நாம எல்லாம் பார்த்திருக்கோம். வந்துட்டான்னு சேதி சொல்லி அனுப்புன பள்ளிக்கூடத்த நீங்க எங்கனா பார்த்திருக்கீங்களா? எங்கம்மா தராசக் கீழ வெச்சிச்சி. முந்தானையால மொகத்த மூடிக்கினு தோள் குலுங்கக் குலுங்க அழுதுச்சி. ஜனம் ஒண்ணும் புரியாம நிக்குது. "வெல்லம் இன்னா வெலம்மா?"ன்னு ஒருத்தரு கேட்டுக்கினே இருக்காரு.

அம்மா மொகத்தத் தொடச்சிக்கினு நாலு பேருக்கும் ஆளுக்கொரு வெல்லக் கட்டிய எடுத்து நீட்டுச்சி. அப்புறம் என்னத் திரும்பிப் பார்த்துச்சி. ரொம்ப நாளா பாக்காத மாதிரி பார்த்துச்சி. என் மடில இருந்த உப்பு, மொளகு, காகிதம் எல்லாத்தையும் ஒரே வாரா வாரித் தன் பக்கம் இழுத்துக்கினு, "நீ இன்னாடி இன்னும் இங்க ஒக்காந்துக்கினு இருக்க? எழுந்து இவங்க கூட ஸ்கூலுக்குப் போ"ன்னுச்சி.